அசாமியும் சிந்தியும்: இரு எல்லை மொழிகள் சொல்லும் பாடம்

சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஓரமாகப் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு அச்சாகியிருக்கும். முதல் வரி அசாமி. கடைசியிலிருந்து மூன்றாவது வரி நம்ம தமிழ். பக்கத்துக் கடை சிந்தி வியாபாரி ஒருவர் ஒருநாள் கேட்டார், "இதிலே எங்க மொழி எங்கே இருக்கு?" என்று. தேடினேன், இல்லை. இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்து நோட்டு எண்ணியும் எனக்கு அது கண்ணில் படவில்லை. அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்த இரண்டு மொழிகளின் வரலாற்றையும் தேடிப் படிக்க வைத்தது.

ஒரு குடும்பம், இரு முனை

பாரதத்தின் வடகிழக்கு முனையில் அசாமி, வடமேற்கு முனையில் சிந்தி. இரண்டும் ஒரே இந்தோ-ஆரியக் குடும்பம். அசாமி மாகதிப் பிராகிருத வழியில் வந்தது. சிந்து நாட்டுப் பேச்சை 'விராசட அபப்பிரம்சம்' என்று பிராகிருத இலக்கணக்காரர் மார்க்கண்டேயர் குறிக்கிறார். பஞ்ச நமஸ்கார மந்திரத்தைக் கேட்டு வளர்ந்த சமண வீட்டுப் பிள்ளையான எனக்கு, பிராகிருதத்தின் பேரப்பிள்ளைகள் இவ்வளவு தூரம் போய்க் குடியேறியிருக்கிறார்களே என்று ஆச்சரியம்தான்.

தூரம் ஒலியில் தெரிகிறது. அசாமியில் ட, த வேறுபாடு போய், இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. எழுத்தில் மூன்று வகை 'ச' இருந்தும், பல இடங்களில் தொண்டையை உரசும் ஒரு ஒலியாகவே அவை வரும். சிந்தியோ பழைய ஒலிகளை விடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக நான்கையும் சேர்த்துக்கொண்டது. அந்த நான்கையும் மூச்சை உள்ளே இழுத்துச் சொல்ல வேண்டும். நான் முயன்று பார்த்தேன், பக்கத்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார்! சிந்தியில் ஆண்பால், பெண்பால் உண்டு. அசாமி இலக்கணத்தில் அந்தப் பாகுபாடு இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. அசாமியில் 'மா' என்றால் அம்மா. 'மாக்' என்றால் அவனுடைய அம்மா. 'பாபேக்' என்றால் அவனுடைய அப்பா. சிந்தியிலும் 'மாணஸ்' என்றால் அவனுடைய அம்மா, 'பிணஸ்' என்றால் அவனுடைய அப்பா. யாருடைய உறவு என்பது சொல்லின் கடைசியிலேயே ஒட்டிக்கொள்கிறது. இது நமக்கும் புதிதல்ல. எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய் என்று பழந்தமிழில் படிக்கிறோமே, அதே கணக்குதான். நாம் முன்னால் வைத்ததை அவர்கள் பின்னால் வைத்தார்கள்.

அச்சகம் மீட்ட மொழி

1228ல் அசாமுக்கு வந்த அகோம் மன்னர்கள் தாய் குடும்ப மொழி பேசியவர்கள். காலப்போக்கில் அவர்களே அசாமிக்கு மாறி, 'புரஞ்சி' என்னும் அரச வரலாறுகளை அதில் எழுதுவித்தார்கள். அப்படி வந்தவரையும் தன்வசமாக்கிய மொழிக்கு 1836ல் சோதனை வந்தது. ஆங்கிலேய ஆட்சி அங்கே நீதிமன்றத்திலும் பள்ளியிலும் வங்காளியை வைத்தது. அசாமி வங்காளியின் கொச்சை என்று வாதம் வேறு. அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரிமார் சிவசாகரில் 1846ல் 'அருணோதய்' இதழைத் தொடங்கினார்கள். ஆனந்தராம் தேகியால் புகன் 1855ல் தன் மொழியின் தனித்தன்மையை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். மைல்ஸ் பிரான்சன் 1867ல் அகராதி கொண்டுவந்தார். 1873ல் அசாமி மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. முப்பத்தேழு வருஷம்! 2024ல் அசாமியும் பிராகிருதமும் ஒரே நாளில் செம்மொழித் தகுதி பெற்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1960ல் அசாமி மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தபோது, வங்காளி பேசும் பராக் பள்ளத்தாக்கு கொதித்தது. 1961 மே 19 அன்று சில்சாரில் துப்பாக்கிச் சூட்டில் பதினொரு பேர் மாண்டார்கள். தன் மொழிக்காகப் பாடுபட்டவர்களே அடுத்த வீட்டு மொழியை மறந்தால் இப்படித்தான் ஆகிறது.

மண் இழந்த மொழி

சிந்தி வியாபாரிகள் முற்காலத்தில் கணக்கெழுதிய கடை எழுத்துகளில் உயிர்க்குறி பெரும்பாலும் இருக்காது. எழுதியவருக்கு மட்டும் விளங்கும் எழுத்து! 1843ல் சிந்துவைப் பிடித்த ஆங்கிலேயர், 1853ல் 52 எழுத்துள்ள அரபு வழி நெடுங்கணக்கை முறைப்படுத்தினார்கள். ஷா அப்துல் லத்தீபின் பாடல்கள் அந்த மொழியின் பெருமை. 1866ல் ஜெர்மானிய அறிஞர் டிரம்ப் அவற்றை லைப்சிக்கில் அச்சேற்றினார்.

1947ல் நாடு பிரிந்தது. சிந்து முழுவதும் பாகிஸ்தானுக்குப் போனது. இந்து சிந்திகள் பெரும்பாலோர் உல்லாஸ்நகர், காந்திதாம், அஜ்மீர் என்று வந்து சேர்ந்தார்கள். கடை வைத்தார்கள், கல்லூரி கட்டினார்கள். சொந்த மாநிலம் மட்டும் கிடைக்கவில்லை. அசாமி 1950லேயே எட்டாவது அட்டவணையில் இருந்தது. சிந்தி 1967 ஏப்ரல் 10ல்தான் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அசாமி பேசுவோர் ஒன்றரைக் கோடி. சிந்தி, கச்சியையும் சேர்த்து, சுமார் 27 லட்சம். இங்கே அரபு வழி எழுத்தும் உண்டு, தேவநாகரியும் உண்டு. தாத்தா அரபு வழி எழுத்தில் எழுதிய கடிதத்தைத் தேவநாகரி மட்டும் தெரிந்த பேரன் படிக்க முடியாது. பேரன் சிந்தியே பேசினாலும் கடிதம் ஊமைதான்.

நம் வீட்டுக்கு வருவோம்

அசாமியை மீட்டவை பள்ளியும் அச்சும். சிந்தியை மண் இல்லாமலும் இத்தனை காலம் தாங்கியது வீடு. மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்குத் தமிழ்நாடு என்ற மண் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் அசட்டையாக இருக்கிறோம். நம் வீட்டிலும் பிள்ளைகள் ஃபோனில் பாட்டியோடு தமிழ் பேசும். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் முழிக்கும். நோட்டில் தமிழ் வரி இருந்து என்ன பயன், அதைப் படிக்க நம் வீட்டில் ஆள் இல்லாவிட்டால்? ஒரு நோட்டை எடுத்து, கடைசியிலிருந்து மூன்றாவது வரியைக் காட்டி, "இதைப் படி" என்று இன்றைக்கே பேரப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். திக்கினால் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.