பேடியும் பாலும்: ஏப்ரல் 15-இன் வரலாறு

மக்கள் அனைவரையும் உயர்திணை என வகுத்தது தமிழ் இலக்கணம். ஆண்மை திரிந்து பெண்மை சுட்டும் பேடியையும் அத்திணையின் புறத்தே நிறுத்தவில்லை. சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் பேடியைத் தெய்வத்தோடு ஒரே நூற்பாவில் வைத்துப் பேசுகிறார். இவ்விரண்டிற்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பாலீறுகளையே ஏற்கும் என்பது அவர் கருத்து. பிறிதொரு நூற்பாவில், பேடியை ஆண்பாற் சொல்லால் சுட்டுதல் பொருந்தாது எனவும் விலக்குகிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் ஒரு படி மேலே செல்கிறார். பிறந்த பாலை விட்டவர் எப்பாலை விரும்புகிறாரோ அப்பாலுக்கே உரியவர் என்பது நன்னூல் விதி. ஆண்மையை விரும்புவோர், பெண்மையை விரும்புவோர் ஆகிய இருசாராரையும் அவர் தனித்தனியே குறிக்கிறார். அதற்கு ‘அவாவுதல்’ என்னும் வினையை அவர் ஆண்டிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது.

காப்பியத்திலும் பேடிக்கு இடமுண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. வாணனது நகரில் சிறைப்பட்ட மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடியுருக் கொண்டு ஆடிய கூத்து அது.

எனினும் இலக்கணம் தந்த இடத்தை வாழ்க்கை தரவில்லை. ஆங்கிலேயர் 1871-இல் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்தியப் பகுதிகளில் இம்மக்களின் பெயர்களைக் காவல் பதிவேட்டில் ஏற்றியது. பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றுவதையும் ஆடுவதையும் குற்றமாக்கியது. தமிழகத்திலோ ஆண்டுக்கொரு முறை கூவாகம் கூத்தாண்டவர் கோயிலே அவர்கள் கூடும் இடமாயிற்று. சித்திரை முழுநிலவில் அரவானுக்கு மணமக்களாகித் தாலி ஏற்று, மறுநாளே தாலியறுத்து வெள்ளுடை பூண்டு ஒப்பாரியோடு திரும்புவது அவ்விழாவின் மரபு.

ஒப்பாரியில் முடியாத ஒரு நாள் அதே சித்திரைத் திங்களில் பின்னர்த் தோன்றியது. 2008 ஏப்ரல் 15 அன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக, தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 1871-இன் பதிவேடு கண்காணிக்கப் பெயர் கேட்டது. வாரியத்தின் பதிவோ அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் வீட்டுமனையும் பெறுவதற்கு வழியாயிற்று. ‘திருநங்கை’ என்னும் மதிப்புமிக்க பெயர் அரசு வழக்கில் நிலைபெற்றதும் அக்காலத்தேதான். 2011-இல் ஏப்ரல் 15 திருநங்கையர் தினமாக அறிவிக்கப்பட்டது. 2014-இல் அதே ஏப்ரல் 15 அன்று, நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம், தம் பாலை உணர்ந்து அறிவிக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு எனத் தீர்ப்பளித்தது. அவாவுதலுக்குப் பவணந்தியார் தந்த மதிப்பை இத்தீர்ப்பிலும் காண்கிறோம்.

இலக்கியமும் இக்காலத்தில் வாளாவிருக்கவில்லை. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ புதினம் 1990-களில் இவர்தம் வாழ்வைப் பரந்த வாசகரிடம் கொண்டு சென்றது. பின்னர் ‘நான் வித்யா’ எனும் தன்வரலாற்றை எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யா முதலியோர் தம் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினர். தஞ்சை மரபின் கிட்டப்பா பிள்ளையிடம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். காமன் ஆடியது மகனை மீட்க ஏற்ற மாற்றுரு. நர்த்தகி ஆடுவதோ தம் சொந்த உருவில்.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. பவணந்தியார் இருசாராரையும் கூறினார். நம் நாளின் பெயரோ திருநங்கையரை மட்டுமே சுட்டுகிறது. பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழும் திருநம்பியர் அப்பெயருக்குள் இல்லை. இருவரையும் தழுவும் ‘திருநர்’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. அரசாணை ஒரு சொல்லை அறிமுகம் செய்யலாம், அதனை மக்கள் நாவில் நிலைபெறச் செய்வது கவிஞர் பணியன்றோ? எண்ணூறு ஆண்டுகட்கு முன் நன்னூலார் விட்டுவிடாத ஒருவரை நம் கவிதைகளும் விட்டுவிடாதிருக்கட்டும்.