பில்லுண்டுக்கு வந்த ரயில்
டென்மார்க்கில் ஒரு கிராமத்து ரயில் பாதையின் வரலாறு

லெகோ கட்டை இல்லாத வீடு இன்று நம் ஜனங்களிடையேயும் குறைவு. பேரன் பேத்திகள் கூடத்தில் பரப்பி வைத்த அந்தக் கட்டைமேல் காலை வைத்து அலறாத தாத்தா பாட்டி உண்டா? அது பிறந்த ஊர், டென்மார்க் தேசத்தில் ஜட்லாந்து தீபகற்பத்தின் நடுவே உள்ள பில்லுண்ட். அந்த ஊருக்கு இன்று விமானம் உண்டு, ரயில் கிடையாது. ஆனால் 1914 முதல் 1957 வரை, 43 வருஷம், அங்கே ரயில் ஓடியது. வைலே–வாண்டெல்–கிரின்ஸ்டெட் ரயில்வே என்று அதற்குப் பெயர். அது அரசாங்க ரயில் அல்ல, தனியார் ரயில். அதன் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

டென்மார்க் நமக்கு முற்றிலும் அந்நியமான தேசம் அல்ல. தரங்கம்பாடியில் 1620 முதல் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் இவர்கள்தான். 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில், 1847இல், கோபன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்ட் வரை ரயில் விட்டார்கள். கோபன்ஹேகன் என்ற பெயருக்கே வணிகர் துறைமுகம் என்றுதான் பொருள். வியாபாரி என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

நம்ம கதை தொடங்குவது ஒரு தோல்வியில். 1864இல் பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய இரு ராஜ்யங்களோடு போரிட்டு டென்மார்க் தோற்றது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பிரதேசங்கள் போயின. மன்னரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கை நழுவிற்று. வெளியே போனதை உள்ளேயே ஈடு கட்டுவோம் என்ற எண்ணம் அப்போது ஜனங்களிடம் பரவியது. உள்ளே என்றால் எங்கே? ஜட்லாந்தின் மேற்கிலும் நடுவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் புதர் மண்டிய பொட்டல் காடு கிடந்தது. மணல் மண், புளித்த மண், ஆடு மேய்க்கத்தான் ஆகும். என்ரிகோ டல்காஸ் என்கிற சாலைப் பொறியாளர் 1866இல் சிலரோடு சேர்ந்து ஒரு பொட்டல் நிலச் சங்கத்தையே தொடங்கினார். மரம் வைத்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், மண்ணைத் திருத்தினார்கள்.

மண்ணைத் திருத்த 'மார்ல்' என்ற சுண்ணாம்புக் களிமண் வேண்டும். புளிப்பை முறிக்க அதுதான் மருந்து. கிள்ளிப் போட்டால் போதாது, வண்டி வண்டியாகக் கொட்ட வேண்டும். கிடைக்கும் இடம் ஒன்று, வேண்டிய இடம் வேறொன்று. மணல் ரோட்டில் குதிரை வண்டி எத்தனை நடை அடிக்கும்? இதற்கு நடுவில் இன்னொரு இடி. 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டேனிஷ் விவசாயிக்கு விலை விழுந்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? விற்பதை நிறுத்திவிட்டு, அதே மலிவு தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டார். வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் இங்கிலாந்துக்கு ஏற்றினார். இரண்டாவது சரக்கு எங்கள் வீட்டுப் பேச்சில் வரக்கூடாததுதான். ஆனால் வரலாற்றில் இருப்பதை மறைக்க முடியாதே. 1882இல் மேற்கு ஜட்லாந்தின் யெடிங் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை எழுந்தது. கொஞ்ச காலத்தில் நாடு முழுக்க அந்த மாதிரிதான்.

வெண்ணெய் கெட்டுப் போகும் சரக்கு. குறித்த நேரத்தில் துறைமுகம் சேராவிட்டால் லாபம் இல்லை. ஆகவே ஊர் ஊருக்கு ரயில் கேட்டார்கள். பெரிய தடங்களை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. சின்னத் தடங்களுக்கு 1894இல் ஒரு சட்டம் வந்தது. உள்ளூர்க்காரர்கள் முன்வந்தால் அரசாங்கம் ஒரு பெரிய பங்கைப் போடும். மீதியை மாவட்டமும் நகரமும் கிராமச் சபைகளும் தனி நபர்களும் பங்கு வாங்கி நிரப்ப வேண்டும். இதை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தனியார் ரயில் என்றதும் சுருட்டு பிடிக்கும் முதலாளி ஞாபகம் வருகிறது அல்லவா? அங்கே அப்படி இல்லை. பால் பண்ணையைச் சேர்ந்து கட்டிய அதே குடியானவர்கள் ரயிலையும் சேர்ந்து கட்டினார்கள். லாபத்தில் பங்கு கிடைக்கும் என்று பணம் போட்டவர் குறைவு. தன் ஊரில் ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று போட்டவர்தான் அதிகம்.

1897இல் வைலே நகரத்திலிருந்து வாண்டெல் வரை முதல் பகுதி திறந்தது. வைலே கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம். பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மேற்கே போகிறது. வழியில் ராவ்னிங் என்றொரு சின்ன ஸ்டேஷன். அந்தப் புல்வெளியில் சுமார் கி.பி. 980இல், நீலப்பல் ஹரால்ட் என்ற அரசன் காலத்தில், ஏறக்குறைய 760 மீட்டர் நீளத்துக்கு ஓக் மரப் பாலம் ஒன்று இருந்ததைத் தொல்லியலார் தோண்டிக் கண்டார்கள். அத்தனை பெரிய பாலம் பழுது பார்க்கப்பட்ட அடையாளமே இல்லை. கொஞ்ச காலம்தான் பயன்பட்டிருக்கிறது. ரயிலோ அதே பள்ளத்தாக்கில் 60 வருஷம் ஓடியது. அடுத்து பிண்டபல்லெ. அங்கே ஸ்டேஷன் வந்த அதே 1897இல் பக்கத்திலேயே ஒரு மளிகைக் கடையும் வந்தது. ரயில் இறங்குகிற இடத்தில் கடை போட்ட அந்த மனிதரை நான் மெச்சுகிறேன்!

1914இல் பாதை வாண்டெலிலிருந்து பில்லுண்ட் வழியாக கிரின்ஸ்டெட் வரை நீண்டது. பில்லுண்ட் அப்போது பொட்டல் நடுவே சில வீடுகள் கொண்ட குக்கிராமம். இரண்டு வருஷம் கழித்து, 1916இல், ஓலெ கிர்க் கிறிஸ்டியன்ஸன் என்ற இளம் தச்சர் அங்கே ஒரு பட்டறையை விலைக்கு வாங்கினார். வீடு கட்டுவது, கதவு ஜன்னல் செய்வது, இதுதான் தொழில். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை வற்றியது. 1932இல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1934இல் அதற்கு லெகோ என்று பெயர் வைத்தார். நன்றாக விளையாடு என்று அர்த்தம் வரும்படி டேனிஷ் சொற்களைச் சுருக்கியது.

இந்த ஸ்டேஷனைப் பற்றி அந்தக் குடும்பத்தில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஓலெ கிர்க்கின் மகன் கோட்ஃபிரெட் சிறு வயதிலேயே பட்டறையில் நின்றவர். மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிப்பது வழக்கம். ஒருநாள் பையன் இரண்டே பூச்சு அடித்துப் பெட்டி கட்டி ஸ்டேஷனில் போட்டுவிட்டு வந்து, அப்பாவுக்குக் காசு மிச்சம் பண்ணிவிட்டேன் என்றானாம். அப்பா பாராட்டவில்லை. உடனே போய்ப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவா, மூன்றாவது பூச்சை நீயே அடி, முடிகிற வரை தூக்கம் கிடையாது என்றார். பையன் அப்படியே செய்தான். ரயில் இன்னும் கிளம்பாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று! தரத்தைப் பற்றி அப்பா சொல்லும் வாசகத்தைப் பிற்காலத்தில் அவரே மரப்பலகையில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

சரி, ரயிலுக்கு வருவோம். டேனிஷ் ரயில் வலை 1930 வாக்கில் உச்சத்தில் இருந்தது. நீளத்தில் ஏறக்குறைய பாதி தனியார் பாதை. ஆனால் அதற்குள்ளேயே பஸ்ஸும் லாரியும் வந்துவிட்டன. 1918இல் ஒரு சட்டம் மேலும் பல பாதைகளுக்கு அனுமதி தந்திருந்தது. சில கட்டவே படவில்லை. கட்டியவற்றில் சில சீக்கிரமே மூடப்பட்டன. கம்பெனிகள் நீராவி எஞ்சினுக்குப் பதில் மோட்டார் பெட்டிகளை ஓட்டிச் செலவைச் சுருக்கிப் பார்த்தன. 1940 முதல் 1945 வரை ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மறுபடி ரயிலில் கூட்டம். வாண்டெல் அருகே ஜெர்மானியர் விமானத் தளமே அமைத்தார்கள். போர் முடிந்து டயரும் பெட்ரோலும் திரும்பியதும் கூட்டம் கரைந்தது. 1957 மார்ச் 31ஆம் தேதி வைலே–கிரின்ஸ்டெட் ரயில் நின்றது.

யார் குற்றம் என்று கேட்டால், பங்கு வாங்கிய குடியானவரே லாரியைக் கூப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். லாரி தொழுவ வாசலுக்கே வருகிறது. ஸ்டேஷனுக்கோ தான் போக வேண்டும். அதில் தப்பும் இல்லை. இருந்தாலும் ஒரு கணக்கு எனக்கு உறுத்துகிறது. கம்பெனியின் பேரேட்டில் டிக்கெட் வரவும் சரக்குக் கட்டணமும்தான் ஏறும். மார்ல் வந்து பச்சையான நிலத்தின் விலையும், ஒரு தச்சர் வெளியூருக்கு அனுப்பிய வாத்துப் பெட்டியும் எந்தப் பக்கத்தில் எழுதப்படும்? கடைசி வருஷ நஷ்டத்தை மட்டும் பார்த்துக் கடையை மதிப்பிடுகிறவன் வியாபாரி அல்ல. நஷ்டத்தை யாராவது கட்டத்தானே வேண்டும் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ரயில் போய்ப் பத்து மாதம் ஆகவில்லை. 1958 ஜனவரி 28இல் கோட்ஃபிரெட் இன்றைய லெகோ கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். சரக்கு உலகம் முழுக்கப் போகத் தொடங்கியபோது ஊரில் ஸ்டேஷன் இல்லை. 1962இல் அவர் ஆலைக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு விமான ஓடுதளம் போட்டார். பிறகு சுற்றுவட்டார நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 1964இல் அதைப் பொது விமான நிலையமாக்கினார். பாருங்கள், தாத்தாக்கள் ரயில் கட்டிய அதே முறை! 1968இல் லெகோலாந்து பூங்கா திறந்தது. விமான நிலையம் டென்மார்க்கில் இரண்டாவது பெரியதாக வளர்ந்தது.

தண்டவாளம் பெயர்த்த பாதையில் பள்ளத்தாக்கு நெடுக இப்போது சைக்கிளில் போகிறார்கள். ரயிலுக்காக வெட்டிய வழி ஆகையால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். பிண்டபல்லெ ஸ்டேஷன் கட்டடத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1897ஆம் வருஷத்து மளிகைக் கடை பழைய கோலத்தோடு இன்றும் வியாபாரம் செய்கிறது.