விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர்

ஓசூர் ஒரு மூன்று மொழி ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே கடைவாசலில் காதில் விழும். கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி, கர்நாடகம் வந்துவிடும். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே வேறு வேறு எழுத்தில் கதை படித்த ஊர் இது. ஆனால் அவர்கள் பார்த்த படம் ஒன்றுதான். தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுற்றிலும் சுடுகாடு... ஆமாம், அதேதான்! விக்கிரமாதித்தனும் வேதாளமும்.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். 1949இல் கன்னடமும் சேர்ந்தது. மொழிக்கு மொழி எழுத்துதான் மாறியது, படம் மாறவில்லை. அதனால் கதையை எழுத்தின் துணையில்லாமல் கோடுகளே சொல்ல வேண்டியிருந்தது. வரைந்தவர்களும் பல ஊர்க்காரர்கள். எம்.டி.வி. ஆச்சார்யா கன்னடர், வட்டாதி பாபையா ஸ்ரீகாகுளத்துக்காரர். வேதாளக் கதைக்குப் பெயர் வாங்கிய சங்கரோ நம் தாராபுரம் பக்கம்.

முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், பிறந்தது 1924. சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு 1946 முதல் கலைமகளில் வேலை பார்த்தார். 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். பழைய வேதாளக் கதைகள் மொத்தம் 25தான். இதழோ மாதாமாதம் வந்தது! புதுப்புதுக் கதைகளைக் கொண்டுவந்து கோர்த்தார்கள். அப்போதும் தொடக்கம் மட்டும் மாறவே இல்லை: அதே மரம், அதே பிணம், அதே மன்னன்.

இரவுக் காட்சியைக் கறுப்பு மையில் போடுவது சுலபமில்லை. இருட்டுக்கு மை இருக்கிறது, வெளிச்சத்துக்கு வெள்ளை மை கிடையாது, காகிதத்தைத்தான் விட்டுவைக்க வேண்டும். எங்கே கோடு போடக்கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவருடைய மன்னன் முகத்தைப் பாருங்கள். பயமும் இல்லை, வீறாப்பும் இல்லை, வேலையை முடிக்க வேண்டும் என்ற உறுதி மட்டும்தான். எனக்குப் பிடித்தது அதுதான். (வேதாளத்தைவிட அந்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது என்பது வேறு விஷயம்!)

சுமார் 60 ஆண்டுகள் அந்த இதழுக்காகவே வரைந்தார். படத்தைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு. 2020 செப்டம்பரில் மறைந்தார். பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில்.