ஆற்றில் விழுந்த பாலமும் நம் முத்துக்கடலும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

உஸ்மானியப் பேரரசர் சுலைமான் அவர்களின் ஆணைப்படி, போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் நெரெத்வா ஆற்றின் குறுக்கே 1566-இல் ஒரு கல் நடைபாலம் எழுந்தது. கட்டியவர் மிமார் ஹைருத்தீன். 427 ஆண்டுகள் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதன்மீது நடந்தனர். 1992-இல் செர்பியப் படைகளை ஒன்றாக எதிர்த்த முஸ்லிம்களும் கத்தோலிக்கக் குரோஷியரும் மறு ஆண்டே பகைவராயினர். 1993 நவம்பர் 9 அன்று குரோஷியப் படையினரின் பீரங்கித் தாக்குதலால் பாலம் ஆற்றில் வீழ்ந்தது.

போர் ஓய்ந்தபின், 1997-இல் ஹங்கேரி இராணுவத்தின் முக்குளிப்போர் ஆற்றடியில் மூழ்கிக் கற்களை மீட்டனர். அவை பெரிதும் சிதைந்திருந்தமையால் அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டி, பழைய வடிவிலேயே பாலம் எழுப்பினர். 2004 ஜூலை 23 அன்று அது திறக்கப்பட்டது.

கல்லையும் மூழ்குவோரையும் பற்றிப் பேசும்போது நம் கரை நினைவுக்கு வருகிறது. முத்துப்பார்களின் உரிமைக்காக 1530-களில் நம் முன்னோரும் பரதவப் பெருமக்களும் பகை கொண்டனர். பரதவர் கொச்சி சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1538-இல் வேதாளையில் போர் மூண்டது, நம்மவர் தோற்றனர். சகோதரர் இருவர் சண்டையிட, முத்துக்கடலின் ஆதிக்கம் அந்நியர் கைக்குப் போயிற்று.

ஆயினும் கடல் இருவரையும் மீண்டும் சேர்த்தது. குளியாளி கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார்; அவருடைய உயிர், மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவரின் கையில். ஆகவே குளிக்கும் உரிமையையும் ‘கல்’ என்றே கணக்கிட்டனர். டச்சுக்காரர் காலக் கணக்குகளில் கிறிஸ்தவர் கற்களும் முஸ்லிம்களின் கற்களும் ஒன்றாகவே இடம்பெற்றன.

1961-உடன் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. இருவரையும் ஒரே கடலில் இறக்கிய தொழில் இன்றில்லை. அப்படியாயின் இனி நம்மை இணைப்பது எது? மோஸ்தாரில் பாலம் மீண்டும் எழுந்தும் இரு சாராரின் பிள்ளைகள் வெவ்வேறு பாடத்திட்டங்களிலேயே பயில்கின்றனர். கல்லால் கட்டுவது எளிது. உள்ளத்தில் கட்டுவதே அரிது.

கேள்விப்பட்ட செய்தியை விசாரித்துத் தெளியவும், மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. எனவே வதந்தி ஒன்று தெருவுக்குள் வந்தால், நம்பும் முன் அடுத்த தெருப் பெரியவரிடம் சென்று கேட்போம். அவர்களுடைய துக்கத்திற்கும் திருமணத்திற்கும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். கயிற்றைப் பிடித்த கை தளரலாகாது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நற்பேற்றை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.