குத்துச்சண்டைக்கு மேடை அமைத்தவர்கள்



சிராங்கூன் சாலையிலிருந்து கிச்சனர் சாலைக்குள் திரும்பினால், சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியின் அருகே பழைய வாயில் ஒன்று நிற்பதைக் காணலாம். அது ‘நியூ வேர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காவின் வாயில். கிங்காங், தாராசிங் என்ற பெயர்களைச் சொன்னால் இன்றும் நம் முதியவர்களின் முகம் மலரும். ஆனால், இத்தகைய வீரர்கள் மோதுவதற்கு இந்நகரில் மேடை அமைத்துச் சீட்டு விற்றவர்களை நாம் நினைப்பதுண்டா?

அவர்களில் முன்னோடிகள் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் சகோதரர்கள். செல்வந்தர் ஓங் சாம் லியோங்கின் புதல்வர்களான இவர்கள், 1923இல் ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டைத் தொடங்கினர். ஷாங்காய் நகரத்துப் பூங்காவொன்றே இதற்கு முன்மாதிரி. ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்த பகுதி அது. மக்கள் வராவிட்டால் போட்ட முதல் அத்தனையும் சேற்றில் போகும்.

மக்களை எப்படி வரவழைப்பது? பங்சாவான் நாடகத்தை ரசிக்க மலாய் மொழி வேண்டும்; சீன நாடகத்திற்குச் சீன மொழி வேண்டும். குத்துச்சண்டைக்கோ எந்த மொழியும் வேண்டியதில்லை! காலனி ஆட்சியில் இனவாரியாகத் தனித்தனி வட்டாரங்களில் வாழ்ந்த மக்கள், இங்கே ஒரே மேடையைச் சுற்றி அமர்ந்து ஒன்றாகக் கூச்சலிட்டனர். வியாபாரக் கணக்கோடு செய்த காரியம்தான். எனினும் அதன் பயன் வியாபாரத்தைவிடப் பெரிது.

போட்டியும் வளர்ந்தது. 1931இல் கிரேட் வேர்ல்டும், பின்னர் கேலாங்கில் ஹேப்பி வேர்ல்டும் எழுந்தன. ஹேப்பி வேர்ல்டின் அரங்கத்திற்குக் கூரையும் இருந்தது. நம் ஊர் மழையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

போருக்குப் பின் மல்யுத்தம் கொடிகட்டிப் பறந்தது. 1947இல் பஞ்சாபிலிருந்து இங்கு வந்த இளைஞர் தாராசிங், டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் பயிற்சி பெற்றார். பின்னர் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வீரரானார். இவருக்கு எதிராக நின்றவர்களில் ஹங்கேரியில் பிறந்த கிங்காங்கும் ஒருவர்.

“அதெல்லாம் நிஜச் சண்டையா?” என்று கேட்போர் உண்டு. தொழில்முறை மல்யுத்தத்தில் பாதி நடிப்புதான். பகையை ஊதிப் பெரிதாக்கிச் சீட்டு விற்பதே ஏற்பாட்டாளரின் கலை. ஆனால், கடல் கடந்து வந்து உடலுழைப்பால் பிழைத்த மக்களுக்கு, தம்மைப் போன்ற ஓர் ஆலைத் தொழிலாளி மேடையேறி வென்றது நடிப்பாகத் தோன்றவில்லை.

1963இல் தொலைக்காட்சி வந்தது. 1964இல் கிரேட் வேர்ல்ட் மூடப்பட்டது. 1970இல் கிங்காங் இந்த மண்ணிலேயே மறைந்தார். 1987இல் நியூ வேர்ல்டும் ஓய்ந்தது.

லாவ் பா சாட் உணவங்காடியின் ஓரமாகச் செல்லும் தெருவுக்குப் பூன் டாட் ஸ்திரீட் என்று பெயர். அங்கே மாலையில் சத்தே சாப்பிட அமரும்போது, அந்தப் பெயருக்குரியவரை நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்.