கன்சோல் வாங்கிய பிறகும் ஆண்டுச் சந்தா ஏன்? பிளேஸ்டேஷன் பிளஸ், கேம் பாஸ் கட்டணங்கள் யாருக்குப் பயன் தரும்?

இந்தியாவில் டிஸ்க் வசதி கொண்ட பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் விலை 2022ஆம் ஆண்டு நவம்பரில் ரூ.54,990 ஆக உயர்த்தப்பட்டது. அத்தொகையைச் செலுத்திக் கன்சோலையும், ஏறத்தாழ ரூ.5,000 விலையுள்ள புதிய கேம் ஒன்றையும் வாங்கிய பின்னரும், இணையம் வழியாக நண்பருடன் விளையாட முற்பட்டால் பல கேம்களுக்கு மேலும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. அதுவே சந்தா.

2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, பிளேஸ்டேஷன் பிளஸ் சேவையின் அடிப்படைத் திட்டத்திற்கு ஆண்டுக்கு ரூ.3,949 ஆகும். ஐந்து ஆண்டுகளில் இது ரூ.19,745 ஆகிறது, அதாவது, கன்சோல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். இச்செலவு தேவைதானா என்பது, வீட்டில் எந்த கேம் விளையாடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கட்டணமுறை உருவானது எப்படி?

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவையை அமெரிக்காவில் கட்டணத்துடன் தொடங்கியது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் இணையவழி விளையாட்டு இலவசமாகவே இருந்தது. 2010இல் அறிமுகமான பிளேஸ்டேஷன் பிளஸ், கூடுதல் சலுகைகளை விரும்புவோருக்கானதாக மட்டுமே இருந்தது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வெளியானபோது, பலர் இணைந்து விளையாடும் மல்டிபிளேயர் வசதிக்கு இச்சந்தா கட்டாயமாக்கப்பட்டது. நின்டெண்டோவும் 2018 செப்டம்பரில் இதே பாதைக்கு வந்தது.

கணினியில் நிலைமை வேறு. அதே கேமைக் கணினியில் விளையாடுவோர், இணைய இணைப்புக்காகப் பொதுவாக இத்தகைய தனிச் சந்தா செலுத்துவதில்லை.

பிளேஸ்டேஷன் பிளஸ்: மூன்று அடுக்குகள்

2023 செப்டம்பர் திருத்தத்தின்படி இந்தியாவில் ஆண்டுக் கட்டணம்:

• எசென்ஷியல்: ரூ.3,949 (முன்பு ரூ.2,999)
• எக்ஸ்ட்ரா: ரூ.6,699 (முன்பு ரூ.4,999)
• டீலக்ஸ்: ரூ.7,589 (முன்பு ரூ.5,749)

எசென்ஷியல் திட்டத்தில் மல்டிபிளேயர் வசதி, மாதந்தோறும் சில கேம்கள், விளையாட்டின் முன்னேற்றத்தை இணையத்தில் சேமிக்கும் வசதி ஆகியவை அடங்கும். எக்ஸ்ட்ரா திட்டத்தில் நூற்றுக்கணக்கான கேம்கள் கொண்ட நூலகம் சேர்கிறது. டீலக்ஸ் திட்டத்தில் பழைய கேம்களும், புதிய கேம்களைக் குறிப்பிட்ட நேரம் விளையாடிப் பார்க்கும் வாய்ப்பும் கூடுதலாகக் கிடைக்கின்றன.

பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2026 ஜனவரி முதல் மாதாந்திரக் கேம்களிலும் நூலகத்திலும் பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கே முதன்மை அளிக்கப்படும் என சோனி 2025இல் அறிவித்தது.

எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ்

மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரில் தனது திட்டங்களை மாற்றியமைத்தது. அப்போது அறிவிக்கப்பட்ட இந்திய மாதக் கட்டணம் எசென்ஷியலுக்கு ரூ.499, பிரீமியத்திற்கு ரூ.699, அல்டிமேட்டுக்கு ரூ.1,389. மூன்றிலும் மல்டிபிளேயர் வசதி உண்டு. அல்டிமேட் திட்டத்தின் முன்னைய கட்டணம் ரூ.829 மட்டுமே.

புதிய கேம்கள் வெளியாகும் நாளிலேயே கிடைப்பது அல்டிமேட்டின் முக்கிய ஈர்ப்பாகும். எடுத்துக்காட்டாக, ‘கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 6’ 2024 அக்டோபரில் வெளியான அன்றே கேம் பாஸில் இடம்பெற்றது. எனினும் மாதம் ரூ.1,389 என்றால் ஆண்டுக்கு ரூ.16,668 ஆகிறது. அத்தொகையில் ரூ.5,000 விலையுள்ள மூன்று புதிய கேம்களைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம்.

சந்தா இன்றி விளையாடக்கூடியவை

ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ராக்கெட் லீக், கால் ஆஃப் டூட்டி: வார்சோன் போன்ற இலவச கேம்களைப் பிளேஸ்டேஷனில் சந்தா இல்லாமலே இணையவழியில் விளையாடலாம். எக்ஸ்பாக்ஸில் இச்சலுகை 2021 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் சந்தாக் கட்டணத்தை உயர்த்தப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால், அதே நாளில் அதைத் திரும்பப் பெற்று இச்சலுகையையும் அறிவித்தது.

தனியாக விளையாடும் கதை கேம்களுக்கும், ஒரே வீட்டில் இருவர் அமர்ந்து ஒரே திரையில் விளையாடுவதற்கும் சந்தா தேவையில்லை. ஆனால் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. கால்பந்து, ஜி.டி.ஏ. ஆன்லைன் போன்றவற்றைப் பிளேஸ்டேஷன் 5இல் மற்றவர்களுடன் இணையவழியில் விளையாடச் சந்தா அவசியம்.

கட்டணம் எதைத் தராது?

சந்தா செலுத்துவதால் இணைய வேகம் கூடாது. விளையாட்டில் ஏற்படும் தாமதம், வீட்டின் பிராட்பேண்ட் இணைப்பையும் சர்வர் அமைந்துள்ள தொலைவையும் சார்ந்தது.

தடையற்ற சேவைக்கும் உத்தரவாதம் இல்லை. 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் முடங்கியபோது, சந்தாதாரர்களுக்கு ஐந்து நாள் கூடுதல் அவகாசம் வழங்கப்பட்டது. கேம் நிறுவனமே தன் சர்வரை மூடிவிட்டாலும் சந்தாவால் பயனில்லை. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2024 மார்ச் இறுதியில் அவ்வாறே நிறுத்தப்பட்டது.

நூலகக் கேம்கள் சொந்தமும் அல்ல. ஜி.டி.ஏ. 5 இரு நிறுவனங்களின் நூலகங்களிலும் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டதுண்டு. சந்தா முடிந்தால் மாதாந்திரக் கேம்களும் திறக்காது. தனியாக விலை கொடுத்து வாங்கியவை மட்டுமே நிலைக்கும்.

யாருக்கு எது பொருந்தும்?

இலவச கேம்களை மட்டும் விளையாடுவோருக்குச் சந்தா வீண்செலவு. கால்பந்து போன்ற ஒரே கேமை ஆண்டு முழுவதும் நண்பர்களுடன் விளையாடுவோருக்கு எசென்ஷியல் போதும். ஆண்டுக்கு ஐந்தாறு கேம்களை முடிப்பவர்களுக்கு, அவை வெளியாகிச் சில காலம் கழித்துக் கிடைத்தாலும் போதுமெனில், எக்ஸ்ட்ரா லாபகரமானது. தேர்வு விடுமுறையில் மட்டும் கன்சோலைத் தொடும் மாணவருக்கு ஒன்றிரண்டு மாதச் சந்தா போதுமானது.

ஒரே பிளேஸ்டேஷன் 5 கன்சோலைப் பயன்படுத்தும் சகோதரர்கள் தனித்தனியே சந்தா செலுத்த வேண்டியதில்லை. பகிர்வு வசதியை இயக்கினால், ஒருவரின் சந்தாவிலேயே அக்கன்சோலில் மற்றவரும் இணையவழியில் விளையாடலாம்.

தானியங்கிப் புதுப்பிப்பில் கவனம்

சந்தா காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி, ரூ.15,000 வரையிலான இத்தகைய தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படாது. பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் வங்கியிலிருந்து அறிவிப்பு வரும். அதைக் கவனிக்கத் தவறினால், பயன்படுத்தாத ஆண்டுக்கும் முழுத் தொகை கழிக்கப்பட்டுவிடும். சந்தா வாங்கிய அன்றே அமைப்புப் பகுதியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்கலாம். கட்டிய காலம் முடியும்வரை சேவை தொடரும்.

2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பந்தயத் தொகையாக அல்லாத சந்தாக் கட்டணத்தை அச்சட்டம் அனுமதிப்பதால், கன்சோல் சந்தாக்களுக்கு அத்தடை பொருந்தாது.

கட்டணங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால், வாங்குவதற்கு முன் அன்றைய விலையைக் கன்சோலின் ஸ்டோர் பகுதியில் சரிபார்ப்பது நல்லது.