பார்வையைப் பறித்த மாத்திரை

மலேரியாவுக்கு மருந்தாக வந்து கண்ணுக்கு வினையாக முடிந்த மாத்திரை ஒன்று உண்டு. அதன் பெயர் குளோரோகுயின். 1934-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்பவர் அதை உருவாக்கினார். நச்சுத்தன்மை அதிகம் என்று நிறுவனம் ஒதுக்கி வைத்தது. இரண்டாம் உலகப் போரில் மலேரியா படைவீரர்களை வாட்டியபோது அமெரிக்கர்கள் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். போருக்குப் பின் அது உலகமெங்கும் பரவியது.

ஆனால் கண்ணுக்கு ஆபத்து வந்தது மலேரியா சிகிச்சையால் அல்ல. அது சில நாள் மருந்துதான். லூபஸ், முடக்குவாதம் ஆகிய நோய்களுக்கும் இம்மருந்து கேட்கிறது என்று 1950-களில் தெரியவந்தது. அவர்கள் தினமும், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டார்கள். 1959-ல் ஹாப்ஸ், சோர்ஸ்பி, ஃப்ரீட்மன் ஆகிய மூவர் 'லான்செட்' இதழில் எச்சரித்தார்கள்: குளோரோகுயின் விழித்திரையைக் கெடுக்கிறது!

இதன் அண்ணன் குயினைன். அதை அளவுக்கு மீறி விழுங்கினால் திடீரென்று கண் இருண்டுவிடும். ஆனால் பலருக்கு நடுப்பார்வை ஓரளவு திரும்பும், பக்கப்பார்வை குறுகியே நிற்கும். குளோரோகுயின் நேர் எதிர். சத்தமில்லாமல் வரும், போனது திரும்பாது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமி அடுக்கின் மெலனினோடு மருந்து ஒட்டிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் கெடுதல் தொடரலாம்.

அமெரிக்காவில் 1955-ல் அனுமதி பெற்ற ஹைட்ராக்சிகுளோரோகுயின் இதைவிடச் சாது. ஆனாலும் முழுச் சாது அல்ல. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, சரியான அளவில் சாப்பிட்டால் முதல் 10 ஆண்டுகளில் பாதிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. 20 ஆண்டுகளுக்குப் பிறகு கிட்டத்தட்ட 20 சதவீதம். கந்துவட்டி போல ஏறுகிறது.

போன பார்வையை மீட்க வழியில்லை என்றானதும் மருத்துவம் பாதையை மாற்றிக்கொண்டது. 2016-ல் அமெரிக்க கண் மருத்துவ அகாடமி சொன்னது இதுதான்: தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை. 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும். ஓசிடி ஸ்கேன், நோயாளி உணரும் முன்பே சேதத்தைக் காட்டிவிடும். அந்த நிலையில் நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை தப்பிக்கும்.

பயந்துபோய்த் தானாக மருந்தை நிறுத்துவதும் தவறு. லூபஸ் சிறுநீரகத்தையே தாக்கக்கூடிய நோய். வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது?